"சாப்புட்டு படு" என்று எந்த ஜப்பான்காரனும் எழுதவில்லை

தம்பி,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் எழுந்து வந்து நேரிலேயே கேட்டிருக்கலாம், இல்லையென்றால் இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றிச் சொன்னது என்னிடம் இல்லை, வீடியோவில், முகம் தெரியாத அத்தனை பேரிடம். ஊருக்கு முன்னால் சொன்னதற்கு ஊருக்கு முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் மூன்று வாரம் இல்லை, பன்னிரண்டு வருடம். திங்கட்கிழமை நீ பெங்களூருக்கு பஸ் ஏறுகிறாய். அதற்குள் இதை முடித்தாக வேண்டும். நடுவில் நீ வந்து "இன்னாமா டைப் பண்ற" என்று கேட்டால் யாருக்கோ மனு என்று சொல்லிக்கொள்வேன். ஒரு வகையில் மனுதான்.

உன் வீடியோவை நானாகத் தேடிப் பார்க்கவில்லை. கடையில் ஜெராக்ஸ் போடுகிற அந்தப் பெண் ஒரு மத்தியானம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதாமே? இத்தினி நாளா எங்கள ஏமாத்திக்கினு இருந்தீங்களா?" என்று சிரித்தாள். சின்ன வயதில் நீ விளையாடிய ஒரு ஜப்பான் வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றி நீ பேசிய வீடியோ. முதல் வீடியோவில் அதில் வரும் ஒரு வசனத்தைச் சொல்லி, இது மாதிரி எந்த விளையாட்டிலும் யாரும் எழுதியதில்லை என்று கண் கலங்கியிருக்கிறாய். அந்த மாதிரி வசனமே அதில் இல்லை, அதைப் பேசுவதாக நீ சொன்ன ஆள் அந்த இடத்தில் செத்துப்போகிறான் என்று பார்த்தவர்கள் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். நீ அந்த விளையாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாய். அப்புறம் இரண்டாவது வீடியோ. அதில் சிரித்துக்கொண்டே சொல்கிறாய்: "எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. பாவம், அதுக்குத் தெரிஞ்ச மாதிரி படிச்சி சொல்லிருக்கு."

பாவமா நான்?

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். மூன்றாம் வருடப் பரீட்சையை நீ ஏழு மாதமாக வயிற்றில் இருக்கும்போது எழுதினேன். வயிறு இடித்ததால் பெஞ்சைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டு, சக மாணவிகள் திரும்பிப் பார்க்க, வியர்வையில் பேனா வழுக்க வழுக்க எழுதித் தேறினேன். "படிச்சி இன்னா கலெக்டர் ஆவப்போறியா" என்று உன் அப்பா வீட்டில் கேட்டார்கள். கலெக்டர் ஆகவில்லை. கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு எழுதும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பேங்க் நோட்டீஸ், கோர்ட் காகிதம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று எது இங்கிலீஷில் வந்தாலும் சுற்றுவட்டாரத்துச் சனங்கள் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். அந்த இங்கிலீஷ் கொடுத்த காசில்தான் நீ பி.சி.ஏ. படித்தாய். பெங்களூரில் உனக்குக் கிடைத்திருப்பது விளையாட்டுகளில் தப்பு கண்டுபிடித்துச் சொல்லும் வேலை என்கிறாய். நல்ல வேலை, உனக்குப் பொருத்தமான வேலை. ஆனால் அம்மாவிடம் கண்டுபிடித்த தப்பை இன்னொரு தடவை சரிபார்த்திருக்கலாம்.

நீ வீடியோவில் விட்டதை நான் சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. நாம் தியாகதுருகத்தில் மலைக்கோட்டைக்குப் போகிற தெருவில் குடியிருந்தோம். உன் அப்பா கரும்பு லோடு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலையில் கரும்பு இறக்க இரண்டு நாள் வரிசையில் நின்றுவிட்டு வந்த ஒரு நாள், கள்ளக்குறிச்சியில் பழைய மொபைல் விற்கும் கடையிலிருந்து டிவியில் மாட்டி ஆடும் ஒரு சாம்பல் நிற டப்பாவையும் ஒரு சிடியையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஜப்பான்காரன் விளையாட்டு. அதுவும் இரண்டாம் பாகம். "மொத பாகம் எங்கப்பா?" என்று நீ கேட்டாய். "அது கடைக்காரன்கிட்ட இல்ல. கத நடுவுல இருந்து பாத்தா புரியாதா? உங்கம்மா மெகா சீரியல் அப்டித்தான் பாக்குது" என்றார். நான் முறைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தச் சிரிப்பு பொய்யில்லை.

அது சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை, பக்கம் பக்கமாகப் படிக்கிற விளையாட்டு. திரையில் கீழே ஒரு கட்டம் வரும், அதற்குள் இங்கிலீஷில் பேச்சு வரும், பட்டனை அழுத்தினால் அடுத்த பேச்சு. உனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், சொல் தெரியாது. அதனால் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே வந்து வந்து படித்துச் சொன்னேன். கொஞ்ச நாளில் அடுப்பை விட்டுவிட்டு உன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஆற்றங்கரை ஊரில் பிறந்த ஒரு பையன், ஈட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர், தொலைந்துபோன ஒரு மணியைத் தேடி இரண்டு பேரும் ஊர் ஊராக நடப்பது. முதல் பாகத்தில் அந்தப் பெரியவர்தான் கதாநாயகனாம். இரண்டாம் பாகத்தில் வயதாகிவிட்டது, பையனுக்குத் துணை. சண்டை வந்தால் எல்லோரும் வரிசையாக நின்று ஒருத்தர் அடித்து முடித்த பிறகுதான் அடுத்தவர் அடிப்பார். "ரேஷன் கடையாட்டம் டோக்கன் போட்டு அடிச்சிக்கிறானுங்க" என்று நான் சொல்ல நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என் வாயில் ராணி "இன்னாடா, இம்மாந்நேரம் கழிச்சி வர்ற" என்று கேட்டாள். மந்திரி "ஜாஸ்தி பேசாத" என்றான். ஜப்பான்காரன் யாரோ எழுதி, வெள்ளைக்காரன் யாரோ இங்கிலீஷில் மாற்றி, நான் தியாகதுருகத்துத் தமிழில் மாற்றிய கதையைத்தான் நீ உன் பால்ய காலத்தின் சிறந்த கதை என்கிறாய். நீ பெரிதாகப் புகழ்ந்த "எழுத்து" யாருடையது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இரண்டாவது வீடியோவே வந்திருக்காது.

இன்னொன்றும் நீ மறந்துவிட்டாய். ஒவ்வொருவர் துணைக்குச் சேரும்போதும் அந்த விளையாட்டு பெயர் கேட்கும். நாம் விரும்பிய பெயரை எழுத்து எழுத்தாகப் போடலாம். பையனுக்கு உன் பெயரைப் போட்டாய். ஈட்டிப் பெரியவர் சேரும்போது உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். "என் பேர போடுறா" என்றார். நீ ஒரு நிமிடம் யோசித்தாய். அப்பாவை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் இங்கிலீஷ் எழுத்தில் அப்பா என்று போட்டாய். நாலே எழுத்து, கட்டத்தில் சரியாக அடங்கியது. அதிலிருந்து அந்தக் கதை முழுக்க, திரையில் எங்கே பார்த்தாலும், அப்பா சொன்னார், அப்பா அடித்தார், அப்பாவுக்குக் காயம். உன் வீடியோவில் நீ காட்டிய படத்தில் அந்தப் பெரியவர் வேறு ஏதோ பெயரில் இருக்கிறார். அது அவர்கள் வைத்த பெயர். நாம் பார்த்தது அது இல்லை.

அந்த ஆடி மாதம் உன் அப்பா போனார். ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. லோடு நிற்கிறதோ என்று எடுத்தேன். "எனக்காக பாத்துக்கினு இருக்காத. சாப்புட்டு படு" என்றார். லேட்டாகும் நாளெல்லாம் அவர் சொல்வதுதான் அது, வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் டிராக்டர் முதலாளி ஆள் அனுப்பினார். அவர் திருப்பூருக்குப் போய்விட்டார், கூட ஒருத்தி இருக்கிறாள் என்பது தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ "அப்பா எங்கமா?" என்று கேட்டாய். இருபத்தொன்பது வயது எனக்கு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. "மலையில ரோடு போடறாங்க. ஜீப்பு ஓட்ட போயிருக்காரு" என்றேன். "நம்மூரு மலையா?" என்று ஜன்னல் வழியாகக் கோட்டையைக் காட்டினாய். விட்டால் அன்றைக்கே ஏறிவிடுவாய் என்று பயந்து, "இல்ல, பெரிய மலை. கல்வராயன் மலை. வேலை முடிஞ்சா வந்துடுவாரு" என்றேன். கிட்டே இருக்கும் மலையிலிருந்து உன்னைத் தடுக்க, தூரத்து மலையை நானே கையைப் பிடித்துக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. வாசல் தெளித்து, விளக்கேற்றி, அப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். விளையாட்டில் பாலம் ஒன்று இடிகிறது. ஈட்டிக்காரர் பையனை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடிபட்டு விழுகிறார். கட்டத்துக்குள் எழுத்து ஓடுகிறது. செத்தான் என்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த இங்கிலீஷ் சொல்லைப் போட்டிருந்தால் நீயே படித்திருப்பாய். மொழிபெயர்த்தவன் நாசூக்காக, கண்ணை மூடினார், பிறகு திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தான். யார் கண்ணை மூடினார் என்ற இடத்தில் நீ போட்ட பெயர். திரையில் அப்பா என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் சாவு. நீ என் முகத்தைப் பார்த்தாய். "படிமா. அப்பா ஏன் படுத்துட்டாரு?"

விளக்கு வைத்த நேரத்தில் வாயில் வரக்கூடாத வார்த்தை என்று நம் வீடுகளில் ஒரு பட்டியலே இருக்கிறது. உப்பைக்கூட அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். அப்படி இருக்கும்போது, கழுத்தில் தாலியோடு, புருஷன் எங்கே என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கையில், எரிகிற விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து "அப்பா செத்துட்டாரு" என்று நான் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாமல் இல்லை, தம்பி. அந்த வரியில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. கைக்குக் கிடைத்த பொய்யை எடுத்தேன். அது இரண்டு வாரமாக வீட்டிலேயே கிடந்த பொய். "அவரு மலைக்குப் போறாராம். எனக்காக பாத்துக்கினு இருக்காத, சாப்புட்டு படுன்னு சொல்றாரு" என்று படித்தேன். நீ "சரி" என்று பட்டனை அழுத்தினாய்.

இதுதான் நீ கண் கலங்கிய வசனம். எந்த ஜப்பான்காரனும் அதை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஊரைவிட்டு ஓடுகிற அன்றைக்கு உன் அப்பா போனில் சொன்னது அது. எனக்கு வயிறு எரிவது எதற்கு என்று இப்போது தெரிகிறதா? அந்த ஆளுக்கு நீ கைதட்டல் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். எனக்குக் கொடுத்தது பாவம் என்ற ஒரு சொல்.

அப்புறம் நடந்ததை நீ வீடியோவில் தமாஷாகச் சொன்னாய். "அந்த ஆள தேடி மேப்புல இருக்கற மலையெல்லாம் ஏறினேன், பைத்தியம் மாதிரி." நீ ஏறியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு குகையாக நுழைந்தாய். ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தரை விடாமல் நின்று பேசினாய். அந்த விளையாட்டில் அதுதான் முறை, கோழி மேய்க்கிறவள் முதற்கொண்டு எல்லோரிடமும் பேசினால்தான் வழி தெரியும். யாரும் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செத்தவரைப் பற்றி யார் என்ன சொல்வார்கள்? "மொத பாகம் ஆடாததால தான்மா நமக்கு வழி தெரில" என்றாய். ஒரு மாதத்துக்கு மேல் தேடினாய். ஒரு வார்த்தையில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்து உட்காருவேன். நீ "மா, இந்தக் குகைல இருப்பாரு பாரேன்" என்பாய். நான் "இருப்பாரு, பாரு" என்பேன்.

அந்தச் சனிக்கிழமை நீ கோட்டைப் பக்கம் விளையாடப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். சோற்று நேரத்துக்கு வரவில்லை. கோட்டை மேல் ஏறிப் பார்த்தேன், குளத்தில் பார்த்தேன். குளத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை இன்றும் எழுத மாட்டேன். அப்போது போன் வந்தது. வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. "எம்மா, உம்புள்ள இங்க கீறான். நோட்டு மேல நெம்பர் எழுதி வெச்சிருந்தான், அதான் போன் போட்டேன். நீ பதறாம வா." தியாகதுருகத்தில் ஒரு பஸ், கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ், கச்சிராயபாளையம் தாண்டி அத்தனை வளைவு. ஒன்பது வயதில் நீ தனியாக வந்த வழியில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை.

நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாய். மடியில் ஸ்கூல் பை. அதற்குள் டார்ச், தைலம் ஒரு டப்பா, குளுக்கோஸ் பாக்கெட், ஒரு பாட்டில் தண்ணீர். மலைக்குப் போவதற்கு முன்னால் ஊரிலேயே மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டில் நீ கற்ற பாடம். அந்த அம்மா சொன்னாள்: "காலைலருந்து ஒருத்தர வுடலம்மா. டிரைவரு, கண்டக்டரு, கடுக்கா மூட்ட தூக்கறவன், எல்லார்கிட்டயும் போயி, எங்கப்பாவ பாத்தீங்களா, ரோடு வேலைக்கு ஜீப்பு ஓட்றாருன்னு கேட்டுக்கினே இருந்தான். ஆட்டுக்குட்டிகிட்ட மட்டும்தான் கேக்கல. எந்த ரோட்டு வேலம்மா? இங்க எங்க ரோடு போடறாங்க?"

உன்னை அடித்தேன். அத்தனை பேர் முன்னால் முதுகிலும் கன்னத்திலும் அடித்தேன். பன் கீழே விழுந்தது. நீ அழவில்லை. "ஒரு ஊரு பாக்கி இருக்குமா, சேராப்பட்டு. அங்க கேட்டுட்டு போயிடலாம்" என்றாய். அதற்கும் அடித்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அடிக்கறதுக்குத்தான் இம்மாந்தூரம் வந்தியா? மொதல்ல புள்ளைக்கு பதில சொல்லு" என்றாள். யாரென்று தெரியாத ஒருத்தி, உன் பெயர்கூடத் தெரியாதவள், நான் செய்ய வேண்டியது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். நான் செய்யவில்லை. உன்னைக் காணோம் என்ற பயத்தில் அடித்தேன் என்று நீ நினைத்திருப்பாய். பயம் இருந்தது. ஆனால் என் கை ஓங்கியது என் பொய் பிடிபட்டதால். நான் அனுப்பிய இடத்துக்குத்தான் நீ போயிருந்தாய்.

மறுநாள் நீ தூங்கி எழுவதற்குள் விளையாட்டு டப்பாவை ஆன் செய்தேன். நீ சேர்த்து வைத்த ஆட்டம் முழுவதும் அந்தச் சின்ன மெமரி கார்டில் இருந்தது. உண்மையிலேயே அழிக்க வேண்டுமா, அழித்தால் திரும்பக் கிடைக்காது என்று இங்கிலீஷில் கேட்டது. அந்த இங்கிலீஷும் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆமாம் என்பதை அழுத்தினேன். நீ எழுந்ததும் "கரண்டு போச்சுப்பா, எல்லாம் அழிஞ்சிருச்சு" என்றேன். உன் வீடியோவில் நம் ஊர் கரண்டை ஒரு நிமிடம் முழுக்கத் திட்டுகிறாய். கரண்டைத் திட்டாதே. அன்றைக்கு ஊரில் கரண்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நீ அந்த டப்பாவைத் தொடவில்லை. அப்பா எங்கே என்றும் கேட்கவில்லை. பதினைந்து வயதில், மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் வாயிலிருந்து திருப்பூர் கதையைத் தெரிந்துகொண்டாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ரசத்துக்கு இலையில் சோற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது பேச எவ்வளவோ நேரம் இருந்தது. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், பன்னிரண்டு வருடம் தாமதமாக, என் கையாலேயே எழுதி: உன் அப்பா வேலைக்குப் போகவில்லை. நம்மை விட்டுவிட்டுப் போனார். அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நான் மனுக்கடையில் சேர்ந்தது உன் ஆட்டத்தை அழித்ததற்கு அடுத்த மாதம். அங்கே நானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் படிப்பேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். போன மாதம் ஒரு பெரியவர் மனைவியின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். உறையைப் பிரிப்பதற்கு முன்பே, "எதுனா நல்லதா இருந்தா மட்டும் படிம்மா" என்றார். "இருக்கறத படிக்கிறேங்க. உக்காருங்க" என்றேன். படித்தேன். அவர் அழுதார். அந்த ஜெராக்ஸ் பெண் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? நல்லதாகப் படித்துச் சொன்னால் அந்த மனிதர் எந்த மலைக்கு டார்ச்சும் தைலமும் எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று எனக்குத் தெரியும்.

போகிற இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று அம்மாக்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத வருவது இவ்வளவுதான். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளை வரும். கெட்ட சேதியை மென்று துப்பிக் கொடுக்காதே. பிள்ளைகள் நாம் சொல்வதை நம்பி பஸ் ஏறிவிடும். வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல். "பாத்துக்கினு இருக்காத" என்று அக்கறை மாதிரி ஒரு பேச்சைப் போட்டுவிட்டு நழுவாதே. அந்தப் பேச்சு உன் ரத்தத்தில் இருக்கிறதோ என்று எனக்குப் பயம். போன வாரம் லேட்டாக வருவதற்கு நீ அதையே, அதே ராகத்தில், போனில் சொன்னபோது, போட்டுக்கொண்ட சோற்றை மூடி வைத்துவிட்டேன். நீ வந்து "இன்னாமா, இன்னும் சாப்புடலயா" என்று கேட்டாய். எப்படிச் சாப்பிடுவேன்?

நேற்று நீ இல்லாத நேரத்தில், உன் லேப்டாப்பில் அந்த விளையாட்டைப் போட்டேன். வீடியோவுக்காக நீ புதிதாக ஆடிச் சேர்த்து வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்தால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. எனக்கு இன்னும் பட்டனெல்லாம் மறக்கவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, விளக்கேற்றியிருந்தேன். இருக்கட்டும் என்று அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து, அந்த இடத்தை வாய்விட்டு, சத்தமாக, தமிழில் படித்தேன். உன் ஒன்பது வயதுக்குக் கொடுக்க வேண்டியிருந்த மொழிபெயர்ப்பு இது: "இனி என்னால் வர முடியாது. என்னைத் தேடாதே. நீ பாலத்தைக் கடந்து போ. இவ்வாறு சொல்லி அப்பா கண்ணை மூடினார். பிறகு திறக்கவே இல்லை." அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, பெயர் மட்டும் நீ போட்ட பெயர். பார்த்தாயா, என்னைத் தேடாதே என்று அந்த மனிதன் சாகும்போது தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கிறான். உன்னை ஒரு மாதம் தேட வைத்தது அவன் இல்லை, நான்.

அதனால் அந்த இரண்டாவது வீடியோவை எடுத்துவிடு, இல்லாவிட்டால் மூன்றாவதாக ஒன்று போடு. திங்கட்கிழமை பஸ்ஸுக்கு முன்னால் போடு. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னது தப்பு என்று அத்தனை பேரிடமும் சொல். பாவம் என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள். எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே பொய் சொன்னது என்று சொல். வெள்ளிமலையில் என்னை அடித்ததும், என் ஆட்டத்தை அழித்ததும் எங்கம்மாதான் என்று சொல். அதற்கு யார் என்ன எழுதினாலும் நான் படித்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் நான் கோபப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
அடுத்த அறையிலிருந்து,
உன் அம்மா